ஒளியிழைக் கண்ணாடியில் நானோ துகள்கள்: எர்பியத்தின் அக்கம்பக்கத்தை நாமே தேர்ந்தெடுப்பது எப்படி?

பாளையங்கோட்டையில் முதுகலை இயற்பியல் படிக்கும் மாணவி ஒருவர், ஆய்வுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடியபோது எழுந்த ஐயங்களை எழுதிக் கேட்டிருக்கிறார். அவர் கேட்டதன் சாரம் இது: ஒளியைப் பெருக்க உதவும் எர்பியம் போன்ற தனிமங்களை ஒளியிழைக் கண்ணாடிக்குள் கரைசலாகவே சேர்க்க முடியும்போது, நானோ துகளாகச் சேர்ப்பதால் என்ன கூடுதல் பயன்? கண்ணாடிக்குள் துகள் இருந்தால் ஒளி சிதறிப்போகாதா? 2000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இழையை இழுக்கும்போது அந்தத் துகள் துகளாகவே இருக்குமா? வெளிமாநிலத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் ப்ரீஃபார்ம் (இழை இழுப்பதற்கு முன் செய்யும் கண்ணாடித் தண்டு) செய்யும் பிரிவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு இப்போது அம்பாசமுத்திரத்தில் வந்து தங்கியிருக்கிறேன். நாங்கள் அங்கே நாள்தோறும் மோதிக்கொண்டிருந்தவையும் இந்த மூன்று கேள்விகள்தான் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். எர்பியம் அயனியைத் தொட்டுக்கொண்டிருக்கும் முதல் இரண்டு வரிசை அணுக்கள் எவையாக இருக்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்வதும், அதற்கு வெளியே உள்ள கண்ணாடியைச் சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிக்காவாகவே விட்டுவைப்பதும்தான் நானோ துகள் முறையின் நோக்கம். துகள் போதிய அளவு சிறியதாக இருந்தால் ஒளி ஏறக்குறைய தடையின்றிக் கடந்துவிடும். கொஞ்சம் பெருத்தாலும் அந்த இழை பெருக்கிக்கு உதவாது. உயர்வெப்பத்தில் துகள் பெரும்பாலும் தன் பழைய உருவத்தை இழக்கிறது, ஆனால் எர்பியத்தைச் சூழ்ந்த அணுக்கள் எல்லாம் அதைவிட்டுப் போய்விடுவதில்லை.

இவற்றைப் புரிந்துகொள்ளச் சிலிக்காவின் இயல்பிலிருந்து தொடங்க வேண்டும். கண்ணாடியில் உள்ள மாசுகளை நீக்கினால் ஒரு கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் என்ற அளவுக்கு இழப்பைக் குறைக்க முடியும், அப்போது தொலைத்தொடர்புக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் 1966இல் எழுதினார்கள். காவோவுக்கு அதற்காக 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. 1970இல் கார்னிங் நிறுவனத்தார் டைட்டானியம் சேர்த்த சிலிக்கா உள்ளகத்தைக் (இழையின் நடுவே ஒளி செல்லும் பகுதி) கொண்டு 17 டெசிபெல் வரை வந்தார்கள், 1972இல் டைட்டானியத்துக்குப் பதில் ஜெர்மானியம் சேர்த்து 4 டெசிபெல்லுக்கு இறக்கினார்கள். இன்று 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் சாதாரண இழையின் இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் அளவில் இருக்கிறது. ஜெர்மானியம் இவ்வளவு எளிதாக ஒத்துப்போனதற்குக் காரணம், அது சிலிக்கானுக்குத் தனிம அட்டவணையில் நேர் கீழே இருப்பதும், சிலிக்கான் அணு நான்கு ஆக்சிஜன்களோடு அமர்ந்திருக்கும் இடத்தில் தானும் அப்படியே அமர்ந்துகொள்வதும்தான். ஒளிவிலகல் எண்ணை உயர்த்துவது மட்டும் நோக்கம் என்றால் நானோ துகளுக்கு அங்கே வேலையே இல்லை.

சிக்கல் பெருக்கியில் தொடங்குகிறது. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 0.2 டெசிபெல் வீதம் மொத்த இழப்பு 120 டெசிபெல், அதாவது அங்கே செலுத்திய ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் இங்கே வந்து சேரும். அதனால் வழியில் 80, 100 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒளியைப் பெருக்க வேண்டியிருக்கிறது. சவுத்தாம்ப்டனில் டேவிட் பெய்ன் குழுவினரும் பெல் ஆய்வுக்கூடத்தில் இம்மானுவேல் டெசுர்வீரும் 1987இல் செய்துகாட்டிய எர்பியம் பெருக்கி, ஒளியை மின்சாரமாக மாற்றாமலே அந்த வேலையைச் செய்கிறது. 980 அல்லது 1480 நானோமீட்டர் லேசரால் எர்பியம் அயனிகளை மேல்நிலைக்கு ஏற்றிவைத்தால், அவை சுமார் 10 மில்லி வினாடி அங்கே காத்திருந்து, 1550 அருகே செல்லும் குறிகையைக் கண்டதும் அதே அலைநீளத்தில் ஒளியைக் கொடுத்துக் கீழிறங்குகின்றன. அணு உலகத்தில் 10 மில்லி வினாடி என்பது மிக நீண்ட காலம். அந்தப் பொறுமைதான் எர்பியத்தின் சிறப்பு.

ஆனால் சிலிக்காவுக்குள் எர்பியம் வசதியாக அமர்வதில்லை. சிலிக்காவில் ஒவ்வோர் ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கான்களுக்கு நடுவில் பாலம்போல் பிணைந்திருக்கிறது. எர்பியம் உருவில் பெரிய, மூன்று நேர்மின்னூட்டம் கொண்ட அயனி. தன்னைச் சுற்றி ஆறு, ஏழு ஆக்சிஜன்களாவது வேண்டும், அவையும் பாலமாகப் பிணைபடாமல் ஒரு பக்கம் விடுபட்டவையாக இருக்க வேண்டும். தூய சிலிக்காவில் அப்படிப்பட்ட ஆக்சிஜன் மிகக் குறைவு. எனவே கிடைத்த சிலவற்றைப் பகிர்ந்துகொள்ள எர்பியம் அயனிகள் ஒன்றோடொன்று கூடிக் கொத்துக்கொத்தாகச் சேர்ந்துவிடுகின்றன. மில்லியன் பங்குக்குச் சில நூறு பங்கு என்ற அளவைத் தாண்டும்போதே இது தொல்லையாகிவிடுகிறது. இரண்டு எர்பியம் அயனிகள் நெருங்கி அமர்ந்து, இரண்டும் மேல்நிலையில் இருக்குமானால், ஒன்று தன் ஆற்றலை மற்றொன்றுக்குக் கொடுத்துவிட்டு வெறுமனே கீழே இறங்கிவிடும். வாங்கிக்கொண்ட அயனி இன்னும் மேலே போய், அந்த ஆற்றலைப் பெரும்பாலும் வெப்பமாகச் சிந்திவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும். குறிகைக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒளித்துகள் ஒன்று அங்கே வீணாகிறது. எர்பியத்தைக் கூட்டக் கூட்ட பெருக்கமும் கூடும் என்ற எளிய எதிர்பார்ப்பு இதனால்தான் பொய்க்கிறது.

இதற்கு மருந்தாக 1980களிலேயே கண்டறியப்பட்டது அலுமினியம். எர்பியத்தைவிடப் பல மடங்கு கூடுதலாக அலுமினியம் ஆக்சைடான அலுமினாவையும் சேர்த்தால், அது எர்பியத்தைச் சுற்றித் திரண்டு, அயனிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவைக்கிறது. இன்று விற்பனைக்கு வரும் எர்பியம் இழைகளில் மிகுதியானவை இந்த வகைதான், நன்றாகவே வேலை செய்கின்றன. கரைசலே போதாதா என்ற உங்கள் கேள்விக்கு, மிகப் பல தேவைகளுக்குப் போதும் என்பதே நேர்மையான பதில். குறை என்னவென்றால், அலுமினியத்தை எர்பியத்துக்குப் பக்கத்தில் மட்டும் போய் உட்காரச் சொல்ல முடியாது. அது உள்ளகம் முழுவதும் பரவி, ஒளிவிலகல் எண்ணை உயர்த்தும், வெப்ப விரிவை மாற்றும், காமா கதிர்பட்டால் ஒளியை விழுங்கும் குறைகளை உண்டாக்கும். சில அயனிகளின் பக்கத்து வீட்டை மாற்றுவதற்காக ஊர் முழுவதையும் இடித்துக் கட்டுவதற்கு ஒப்பானது இது. எர்பியத்தையும் அலுமினாவையும் முன்கூட்டியே ஒரு துகளுக்குள் சேர்த்துப் பூட்டி, அந்தத் துகளைச் சிலிக்காவுக்குள் தூவிவிட்டால், அலுமினா தேவையான இடத்தில் மட்டும் இருக்கும். நானோ துகள் முறையின் முதல் நியாயம் இதுதான்.

இரண்டாவது நியாயம், எர்பியத்தைப் போலவே ஒளியைப் பெருக்கப் பயன்படும் துலியம் என்ற தனிமத்தைப் பார்த்தால் விளங்கும். கண்ணாடியில் உள்ள அணுக்கள் ஓயாது அதிர்கின்றன. அந்த அதிர்வின் ஆற்றல் சில்லறையைத்தான் ஃபோனான் என்கிறோம். சிலிக்காவின் ஃபோனான் ஆற்றல் சென்டிமீட்டருக்கு 1100 அலைகள் என்ற அளவில் மிக உயர்ந்தது; லாந்தனம் ஃபுளோரைடில் அது 350 அளவில்தான் இருக்கிறது. 1470 நானோமீட்டர் அருகே துலியத்தைக் கொண்டு பெருக்க வேண்டுமானால், அதன் மேல்நிலைக்கும் அடுத்த கீழ்நிலைக்கும் இடையே உள்ள 4400 அலைகள் அளவிலான இடைவெளி கைகொடுக்க வேண்டும். சிலிக்காவில் நான்கே ஃபோனான்களால் அந்த இடைவெளி நிரம்பிவிடுகிறது, ஆகவே ஆற்றல் ஒளியாகாமல் வெப்பமாகிவிடுகிறது. லாந்தனம் ஃபுளோரைடில் பன்னிரண்டுக்கு மேல் ஃபோனான்கள் ஒரே நேரத்தில் ஒத்துழைக்க வேண்டும், அது அரிது. அந்த மேல்நிலையின் வாழ்நாள் சிலிக்காவில் ஏறத்தாழ 20 மைக்ரோ வினாடி; சிர்க்கோனியம், பேரியம் முதலியவற்றின் ஃபுளோரைடுகளைச் சேர்த்துச் செய்யும் கண்ணாடியிலோ ஒன்றரை மில்லி வினாடி அளவுக்கு நீள்கிறது.

அப்படியானால் இழையையே ஃபுளோரைடுக் கண்ணாடியில் செய்துவிடலாமே என்று தோன்றும். 1970களின் நடுவில் பிரான்சின் ரென் நகரில் அந்தக் கண்ணாடியைக் கண்டுபிடித்தார்கள், அதில் இழையும் இழுத்தார்கள். அது எளிதில் முறியும், ஈரத்தைத் தாங்காது, சிலிக்கா உருகும் வெப்பத்துக்கு மிகக் கீழேயே இளகிவிடும். நாங்குநேரிப் பக்கம் நான்குவழிச் சாலையோரத்தில் குழி தோண்டி, பெரிய குடையை விரித்துவைத்துக்கொண்டு, ஸ்ப்ளைசிங் இயந்திரத்தில் இரண்டு இழை முனைகளை நேருக்கு நேர் வைத்து மின்பொறியால் உருக்கி ஒட்டும் ஆட்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொறியில் சிலிக்காவும் சிலிக்காவும் ஓரிரு வினாடிகளில் ஒன்றாகிவிடும். சிலிக்காவையும் ஃபுளோரைடையும் அப்படி ஒட்ட முடியாது. துலியத்துக்கு ஃபுளோரைடு அக்கம்பக்கமும் வேண்டும், சாலையோரத்தில் ஒட்டுகிறவருக்குச் சிலிக்கா இழையும் வேண்டும் என்ற இரண்டு தேவைகளையும் ஒரே இழையில் நிறைவேற்றும் ஆசையே இந்தத் துறையைப் பல ஆண்டுகளாக ஓட வைத்திருக்கிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள் ஒன்று சிதறடிக்கும் ஒளி, துகளின் விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்பது ராலே கண்ட விதி. பொதிகை மலை தொலைவிலிருந்து பார்க்கும்போது நீலமாகத் தெரிவதும், ஒரு குவளைத் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பால் விட்டால் ஓரம் நீலம் பாரிப்பதும் இந்த விதிக்கு உட்பட்டவையே. ஆறாம் அடுக்கு என்பதை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும்: துகளின் விட்டம் இரண்டு மடங்கானால் சிதறல் 64 மடங்கு, ஐந்து மடங்கானால் 15,625 மடங்கு.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உள்ளகத்தின் கன அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு துகள்கள் என்றும், துகளின் ஒளிவிலகல் எண் 1.65, சூழ்ந்துள்ள சிலிக்காவுக்கு 1.444 என்றும், ஒளி முழுவதும் உள்ளகத்தினுள்ளேயே செல்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தப் பொருளின் அளவை மாற்றாமல் துகளை மட்டும் பெரிதாக்கினால் எண்ணிக்கை குறையும் என்பதால், மொத்தச் சிதறல் விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 1550 நானோமீட்டரில், 10 நானோமீட்டர் விட்டமுள்ள துகள்களால் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.011 டெசிபெல் இழப்பு வருகிறது. இதைக் கிலோமீட்டருக்குப் பெருக்கினால் 11 டெசிபெல் என்று பயமுறுத்தும். ஆனால் எர்பியம் பெருக்கியில் நாம் பயன்படுத்தும் இழை பத்து, இருபது மீட்டர்தான். பத்து மீட்டருக்கு 0.11 டெசிபெல், அதாவது இரண்டரை விழுக்காடு இழப்பு; 20, 30 டெசிபெல் பெருக்கித் தரும் இழையில் இது ஒரு பொருட்டே ஆகாது. அதே பொருளை 50 நானோமீட்டர் துகள்களாகச் சேர்த்தால் பத்து மீட்டருக்கு 13.6 டெசிபெல், அதாவது நூறு பங்கில் நான்கு பங்குக்குச் சற்றுக் கூடுதலான ஒளிதான் மறுமுனைக்கு வரும். 100 நானோமீட்டர் என்றால் கணக்குப் போடவே வேண்டாம். நெடுந்தொலைவுக் கேபிளுக்குள் நானோ துகள் போட முடியாது, சில மீட்டர் நீளமுள்ள பெருக்கிக்கும் லேசருக்கும் போடலாம், அங்கும் துகள் பத்து, பதினைந்து நானோமீட்டருக்குள் நிற்க வேண்டும் என்ற வரம்புகள் இந்த ஒரே கணக்கிலிருந்து வந்துவிடுகின்றன.

துகளின் அளவைவிடவும் நான் அஞ்சியது துகள்கள் ஒன்றுகூடுவதைத்தான். எங்கள் கூடத்தில் ஒருமுறை, 10 நானோமீட்டர் என்று புட்டியில் ஒட்டியிருந்த துகள்களை நம்பி ஒரு ப்ரீஃபார்ம் செய்து முடித்தோம். அது விரல் பருமனும் முழம் நீளமும் உள்ள கண்ணாடித் தண்டு. மறுநாள் காலை அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது, தண்டின் நடுவே நூல்போல ஓர் இளநீலக் கோடு தெரிந்தது. திருப்பிப் பிடித்து வெளிச்சத்தை நுனி வழியாகப் பார்த்தால் அதே கோடு மங்கிய செம்மஞ்சளாக இருந்தது. அளக்கும் கருவிக்குக் கொண்டுபோகும் முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. புட்டியில் 10 நானோமீட்டராக இருந்தவை, திரவத்தில் கலந்து நின்ற இரவில் ஒன்றோடொன்று ஒட்டி, பெரும் திரளைகளாகி உள்ளே போயிருந்தன. மூன்று வார வேலை அப்படியே போனது.

அந்தத் திரவம் எங்கே வருகிறது என்பதைச் சொல்ல, செய்முறையைச் சொல்ல வேண்டும். பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் மக்செஸ்னி குழுவினர் 1974இல் வெளியிட்ட முறையில், கடைசல் இயந்திரம்போன்ற ஒன்றில் சுழலும் சிலிக்காக் குழாய்க்குள் சிலிக்கான் டெட்ராகுளோரைடு ஆவியையும் ஆக்சிஜனையும் செலுத்தி, வெளியே தீச்சுடரை நீள நகர்த்துகிறோம். உள்ளே சிலிக்கா வெண்புகையாக உண்டாகிக் குழாயின் உட்சுவரில் படிகிறது. ஆய்வுக்கூடங்களில் அதைச் சூட் என்றே சொல்வார்கள். வெப்பத்தைச் சற்றுக் குறைத்துவைத்தால் அது உருகிக் கண்ணாடியாகாமல், நுண்துளைகள் நிறைந்த வெள்ளைப் படலமாக நிற்கும். குழாயைக் கழற்றி நிறுத்தி, எர்பியம் குளோரைடும் அலுமினியம் குளோரைடும் கரைந்த கரைசலை நிரப்பி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு வடித்தால், படலம் கரைசலை உறிஞ்சிக்கொண்டிருக்கும். பின்னர் உலர்த்தி, குளோரின் வாயுவால் ஈரத்தின் எச்சத்தை நீக்கி, சூடேற்றிப் படலத்தைக் கண்ணாடியாக்கி, 2000 டிகிரிக்கு மேல் குழாயைத் திண்மத் தண்டாகச் சுருக்குகிறோம். நானோ துகள் முறையில் மாறுவது ஒரே ஒரு படிதான்: கரைசலுக்குப் பதில், எர்பியத்தைத் தாங்கிய அலுமினாத் துகள்களோ ஃபுளோரைடுத் துகள்களோ மிதக்கும் திரவத்தை ஊற்றுகிறோம்.

அந்த ஒரு படியில்தான் முழுச் சிரமமும் இருக்கிறது. நம் ஊரில் அல்வாவுக்குச் சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, அதைத் தெளியவிடுவதைப் பார்த்திருக்கிறீர்கள்; சில மணி நேரத்தில் மாவு அடியில் தங்கி, மேலே நீர் தெளிந்துவிடும். அல்வாவுக்கு அது வேண்டியது. எங்களுக்கோ நிறுத்திவைத்த குழாயின் அடிப்பக்கம் துகள் மிகுந்தும் மேற்பக்கம் குறைந்தும் போனால், ஒரே தண்டின் இரண்டு முனைகளும் இரண்டு வெவ்வேறு இழைகளாகிவிடும். எனவே திரவத்தின் காரஅமிலத் தன்மையைத் துகளின் மேற்பரப்பு மின்னூட்டத்துக்கு ஏற்ப அமைத்து, துகள்கள் ஒன்றையொன்று விலக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். சூட் படலத்தின் துளைகளுக்குள் துகள் நுழையவும் வேண்டும், வடிக்கும்போது திரும்ப வெளியே வராமலும் இருக்க வேண்டும். புட்டியில் ஒட்டிய எண்ணை நம்பாமல், ஊற்றுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு அளந்த எண்ணையே நம்ப வேண்டும் என்பதை அந்த இளநீலக் கோட்டுக்குப் பிறகு நாங்கள் விதியாகவே வைத்துக்கொண்டோம்.

வேறு வழிகளும் இருக்கின்றன. பின்லாந்தின் லீக்கி நிறுவனத்தார், திரவத்தில் ஊறவைக்காமல், தீச்சுடரிலேயே எர்பியமும் இட்டர்பியமும் கலந்த நானோ துகள்களை உண்டாக்கி நேராகப் படியவைக்கும் முறையை வளர்த்தார்கள். அங்கே துகள் என்பது வழி மட்டுமே, இறுதியில் கிடைப்பது சீரான கண்ணாடி. எனக்கு மிகவும் பிடித்தது இவற்றுக்கு நேர் எதிரான வழி: துகளை வெளியிலிருந்து கொண்டுபோகாமல் கண்ணாடிக்குள்ளேயே பிறக்கவைப்பது. சிலிக்காவுக்குள் மெக்னீசியம், கால்சியம் போன்றவற்றின் ஆக்சைடுகள் சிறிதளவு இருந்தால், உயர்வெப்பத்தில் அவை சிலிக்காவோடு ஒத்துப்போகாமல் எண்ணெயும் நீரும்போலப் பிரிந்து, மெக்னீசியம் மிகுந்த சிறு சொட்டுகளாகத் திரள்கின்றன. எர்பியத்துக்குப் பிடித்த விடுபட்ட ஆக்சிஜன்கள் அந்தச் சொட்டுகளில் ஏராளம் என்பதால், நாம் கைவைக்காமலே எர்பியம் அவற்றுக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பிரான்சின் நீஸ் நகரில் வில்ஃபிரெட் பிளாங்க் குழுவினர் இதைத்தான் ஆழமாக ஆராய்ந்துவருகிறார்கள். ஊறவைப்பதற்கு வேண்டியது சாதாரண மெக்னீசியம் குளோரைடுக் கரைசல்தான், திரளும் தொல்லை இல்லை. ஆனால் சொட்டின் அளவை வெப்பமும் நேரமுமே தீர்மானிக்கின்றன. குழாயைச் சுருக்கும்போது சுடரை ஒருமுறை கூடுதலாக நகர்த்தினாலும் சொட்டுகள் பெருத்துவிடும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அலுமினாவின் உருகுநிலை 2072 டிகிரி, சிர்க்கோனியாவுக்கு 2700க்கு மேல், லாந்தனம் ஃபுளோரைடுக்கோ 1500க்குச் சற்றுக் கீழே. உருகுநிலையை மட்டும் பார்த்து அலுமினாத் துகள் தப்பிவிடும் என்று நினைப்பது பிழை, ஏனென்றால் அது உருகாவிட்டாலும் சூழ்ந்துள்ள சிலிக்காவில் கரையக்கூடியது. ஃபுளோரைடுத் துகளில், உலர்த்திச் சூடேற்றும் கட்டங்களிலேயே ஃபுளோரின் பெரும்பாலும் வெளியேறி, லாந்தனம் சிலிக்கேட் போன்ற ஒன்று எஞ்சுகிறது. ஆகவே புட்டியில் இருந்த படிகம் அப்படியே இழைக்குள் இருக்கிறது என்று எந்தக் கட்டுரையாவது சொன்னால், மின்நுண்ணோக்கிப் படம் எங்கே என்று கேளுங்கள். அதே வேளையில், சிலிக்கா 2000 டிகிரியிலும் மிகக் கெட்டியான பாகு. எர்பியத்தோடு வந்த அலுமினியமோ லாந்தனமோ அதற்குள் வெகுதூரம் பரவ நேரம் போதாது. அதனால்தான் துகள் வடிவம் கலைந்த பிறகும், அதே அளவு அலுமினியத்தைக் கரைசலாகச் சேர்த்த இழையைவிட, துகளாகச் சேர்த்த இழையில் எர்பியம் கொத்தாகச் சேருவது குறைவாக இருக்க முடிகிறது.

இழுக்கும் கட்டத்தில் நடப்பது தனிக் கதை. 10 மில்லிமீட்டர் பருமனுள்ள தண்டை 125 மைக்ரோமீட்டர் இழையாக இழுத்தால் நீளம் 6400 மடங்கு கூடுகிறது. ஒரு மீட்டர் தண்டு ஆறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட இழையாகிறது. உள்ளே உள்ள சொட்டும் அந்த இழுப்பில் நீள முயலும். மிகச் சிறிய சொட்டைப் பரப்பு இழுவிசை உருண்டையாகவே பிடித்துவைக்கிறது. பெரிய சொட்டு நூலாக நீண்டு, குழாயிலிருந்து மெல்லிய தாரையாக விழும் தண்ணீர் சொட்டுச்சொட்டாக உடைவதுபோல வரிசையாக உடைந்துபோகிறது. நீஸ் குழுவினர் இழையை அயனிக் கற்றையால் படிப்படியாகச் சீவிப் படமெடுத்து இந்த நீட்சியையும் உடைவையும் காட்டியிருக்கிறார்கள். அணுக்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எண்ணும் கருவியைக் கொண்டு அவர்கள் கண்ட இன்னொன்று இதைவிட முக்கியம் என்று கருதுகிறேன்: மிகச் சிறிய துகளில் மெக்னீசியமும் எர்பியமும் குறைவு, துகள் வளர வளரத்தான் அவற்றின் செறிவு கூடுகிறது. சிதறலைத் தவிர்க்கத் துகள் சிறியதாக வேண்டும். எர்பியத்தின் அக்கம்பக்கம் முழுதாக மாறத் துகள் பெரியதாக வேண்டும். இந்த இழுபறி இன்னும் தீரவில்லை. நல்ல ஆய்வுத் தலைப்புகள் இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

சிதறல் எப்போதும் கேடு என்றும் எண்ணிவிட வேண்டாம். இழையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் பின்னோக்கிச் சிதறி வரும் ஒளியை அளந்து, அந்தப் புள்ளியின் வெப்பத்தையும் இழுவிசையையும் கணிக்கும் உணரிகள் உள்ளன. சாதாரண இழையில் அந்தச் சிதறல் மிக மெல்லியது. மெக்னீசியம் சார்ந்த நானோ துகள்கள் நிறைந்த இழையில் அது பல்லாயிரம் மடங்கு வலுவாகக் கிடைப்பதால், கஜகஸ்தானின் நசர்பாயேவ் பல்கலைக்கழகத்தில் டேனியல் டோசி குழுவினர் நீஸ் இழைகளைக் கொண்டு, மருத்துவ ஊசியின் வளைவையும் கட்டிகளைச் சுட்டு அழிக்கும்போது திசுவில் பரவும் வெப்பத்தையும் பல இழைகளால் ஒரே நேரத்தில் அளந்துகாட்டினார்கள். என் கணிப்பில், நானோ துகள் இழை பெருக்கியைவிட உணரியாகவே முதலில் பரவலான புழக்கத்துக்கு வரும், ஏனெனில் அங்கே 50 நானோமீட்டர் துகள் குற்றமே இல்லை. இன்னொரு நல்ல இடம் விண்வெளி. அலுமினியம் கலந்த எர்பியம் இழை கதிர்வீச்சில் கறுத்து மங்குகிறது என்று மேலே சொன்னேன்; எர்பியத்தை அலுமினியமே இல்லாத சிலிக்கா நானோ துகளில் ஏற்றிச் செய்த இழை அந்தக் கதிர்வீச்சை மிக நன்றாகத் தாங்குகிறது என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். மகேந்திரகிரியும் கூடங்குளமும் இருக்கும் மாவட்டத்தில் படிக்கிறவர்கள் கதிர்வீச்சைத் தாங்கும் இழையைப் பற்றி அக்கறை கொள்வது எனக்கு மிக இயல்பாகவே படுகிறது.

உங்கள் ஆய்வுத் திட்டத்தைப் பற்றி: குழாயும் சுடரும் கடைசலும் இழுக்கும் கோபுரமும் உள்ள இடங்கள் நம் நாட்டில் சிலவே. கொல்கத்தாவின் மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆய்வு நிறுவனத்தில் இந்த வசதிகள் உண்டு, சிர்க்கோனியா சார்ந்த நானோ அமைப்புள்ள எர்பியம் இழைகளை அங்கே செய்திருக்கிறார்கள். முனைவர் பட்டத்துக்குப் போகும்போது அதை எண்ணிப் பாருங்கள். ஆறு மாதத் திட்டத்துக்கு இழையே வேண்டாம். கல்லூரி வேதியியல் துறையின் துணையோடு சோல்-ஜெல் முறையில் (கரைசலைக் கூழாக்கி, உலர்த்திச் சுடும் முறை) சிறு சிலிக்காத் துண்டுகளைச் செய்யலாம். ஒரு வரிசைக்கு எர்பியம் நைட்ரேட்டும் அலுமினியம் நைட்ரேட்டும் கரைசலாக, மற்றொரு வரிசைக்கு அதே அளவு எர்பியமும் அலுமினியமும் முன்பே துகளாக்கப்பட்டு. இரண்டையும் ஒரே உலையில் ஒரே நேரம் சுட்டு, 1530 நானோமீட்டர் ஒளிர்வு எப்படித் தேய்கிறது என்று அளந்து ஒப்பிடுங்கள். மடக்கைத் தாளில் அது ஒரே நேர்கோடாக இறங்கினால் எர்பியம் அயனிகள் தனித்தனியாக இருக்கின்றன என்று கொள்ளலாம். தொடக்கத்தில் செங்குத்தாக விழுந்து பிறகு சாய்ந்தால் கொத்துகள் இருக்கின்றன. சோல்-ஜெல் துண்டில் ஈரத்தின் எச்சமான ஹைட்ராக்சில் இருந்தால் அதுவும் எர்பியத்தின் ஆற்றலை உறிஞ்சும், ஆகவே இரண்டு வரிசைகளையும் 1000 டிகிரிக்குக் குறையாமல் நெடுநேரம் சுட்ட பிறகே அளவுகளை நம்புங்கள்.

சிதறலை அளக்க விலை உயர்ந்த கருவிக்காகக் காத்திருக்க வேண்டாம். 650 நானோமீட்டர் சிவப்பு லேசரைத் துண்டுக்குள் செலுத்தி, இருட்டறையில் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அலைநீளத்தின் நான்காம் அடுக்குப்படி, 1550இல் இருப்பதைவிட அங்கே சிதறல் ஏறத்தாழ 32 மடங்கு வலுவாக இருக்கும், ஆகவே கற்றை போகும் தடம் கண்ணுக்குத் தெரியாத துண்டை மேற்கொண்டு அளக்க எடுத்துக்கொள்ளலாம். தடம் தெளிவாகத் தெரிந்தால், அந்தத் துண்டை ஒதுக்கிவைத்துவிட்டுத் துகள் மிதந்த திரவத்தை மறுபடி அளந்து பாருங்கள். பிழை அநேகமாக அங்கேதான் நேர்ந்திருக்கும்.